கொழுந்தனார் ரத்தம்

மார்ச் 4

கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியாது. கூண்டைக் கழுவக் குனிந்தபோது துரை பின்னாலிருந்து கடித்துவிட்டான். எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். மருந்து போட வந்த நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஊசி ஆடிப்போயிற்று. முயல் கடித்து ஊசி போட்டுக்கொண்டவள் முயல் வளர்க்கிற இந்தக் கம்பெனியிலேயே நான் ஒருத்திதானாம். அதிலாவது முதலாவதாக வந்தேன்.

துரை யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவன் ரத்தம் தெரியும். உங்கள் லேபுக்கு ஐஸ் பெட்டியில் வருகிறதே வெளிர்மஞ்சள் தண்ணீர், அது அவன் காது நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தெளியவைத்ததுதான். வெள்ளை முயல், சிவப்புக் கண். யாரையும் மதிக்கமாட்டான். தீனி வைத்தால் "இதைத்தான் வைத்தாயா" என்று ஒரு பார்வை பார்ப்பான். இந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் பிடிபட்டது. உங்கள் கல்யாண போட்டோவில்.

இவள் ஏன் இப்போது எழுதுகிறாள் என்று மூக்கைச் சுளிப்பீர்கள். "அவன்கூட நம்ம வீட்டுல யாரும் பேசக்கூடாது" என்றுதான் உங்கள் அண்ணன் உத்தரவு. எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு எழுத வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். சண்டைக்குள் நான் போகவில்லை. பஸ் ஓட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு லேப் திறப்பு விழாவுக்கு ஓடிவந்த சொந்த அண்ணனை, கோட்டுப் போட்டவர்களிடம் "நம்ம டிரைவர்" என்று சொன்னீர்கள். அவரும் லேசுப்பட்டவரா? "டிரைவர்னா வண்டி எடுக்கணும்ல" என்று உங்கள் முதலாளி காரை ஓட்டிக்கொண்டு போய்க் குப்பைக் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பினார். இரண்டு பேரும் சரிசமம். ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணனுக்குக் கண் சரியில்லை. கருவிழி இரண்டும் கொதிக்கிற பாத்திரத்தின் கண்ணாடி மூடிபோல ஆவி பிடித்துக்கிடக்கிறது. துடைத்தால் போகாது. எதிரே வருவது லாரியா சுவரா என்று நகர்ந்தால்தான் தெரிகிறதாம். டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் நல்ல கொழுப்பு என்று ஒன்று இருக்கவேண்டுமாம், இவருக்கு அது இல்லவே இல்லையாம். "நல்லது ஒண்ணும் இல்லைன்னு கல்யாணம் ஆன வாரமே எனக்குத் தெரியும் டாக்டர்" என்றேன். டாக்டருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. கொழுப்பைப் பக்குவம் பண்ணுகிற ஏதோ ஒன்று குறைந்திருக்கலாம், அதைப் பார்க்கிற டெஸ்ட் இங்கே யாரிடமும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒன்றின் பேரை அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் பார்த்தேன். துரையின் கூண்டில் தொங்குகிற அட்டையிலும் அதே பேர். துரையை வைத்து நீங்கள் பண்ணுகிற டெஸ்ட் அதுதானே?

பஸ் டிப்போ மேனேஜர் "குடிச்சிட்டு ஓட்டறான்" என்கிறார். உங்கள் அண்ணன் மோந்துகூடப் பார்த்ததில்லை, உங்களுக்கே தெரியும். ஏப்ரல் கடைசியில் கண் பரிசோதனை. நோய் என்று தாள் இருந்தால் டிக்கெட் கவுன்டரில் உட்காரவைப்பார்கள். இல்லையென்றால் குடிகாரன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனை வருஷம் ஒரு நாயைக்கூட அடிக்காமல் ஓட்டிய மனுஷன்.

பெட்டியில் நீல மூடி போட்ட குழாய் அவருடைய ரத்தம். "எதுக்கு எடுக்கறாங்க?" என்றார். "முயலுக்குப் பொருத்தம் பாக்கறாங்க" என்றேன். நம்பிவிட்டார்.

பார்த்துச் சொல்லுங்கள். கெஞ்சவில்லை. கெஞ்ச நான் உட்காரவேண்டும், அதுதான் முடியவில்லையே.

அண்ணி

*

மார்ச் 11

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் ஐஸ் தண்ணீரில் நனைந்து, முயல் புழுக்கை வாடையோடு வந்து சேர்ந்தது. இனி பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பவும். அல்லது அனுப்பாமல் இருக்கவும்.

"கொழுப்பைப் பக்குவம் பண்ணுகிற ஏதோ ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் நொதி. ரத்தத்தில் அலையும் கொலஸ்ட்ராலை மூட்டை கட்டி ஒழுங்காக அனுப்பிவைப்பது அதன் வேலை. மனித ரத்தத்தின் அந்த நொதியை உங்கள் முயலுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். அதன் உடம்பு அதை எதிரி என்று நினைத்து, பிடித்து அமுக்க ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதுதான் எதிர்ப்பொருள். அதை எடுத்து ஒருவருடைய ரத்தத்தில் விட்டால், அங்கே இருக்கும் நொதியைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு நிறம் ஏறும். நிறம் அதிகம் என்றால் நொதி அதிகம். முயலுக்கு இதில் ஒரு பெருமையும் கிடையாது. அது தின்கிறது, கடிக்கிறது. மூளை வேலை முழுவதும் இங்கே நடக்கிறது.

எவருடைய ரத்தத்தையும் ஒரு சரியான ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் கூடுதல், குறைவு என்று சொல்லமுடியும். அந்தச் சரியான ரத்தமாக என்னுடையதை வைத்திருக்கிறேன். காரணம் எளிது. நான் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, எண்ணெயைத் தொடுவதில்லை, காலையில் நடக்கிறேன். என் லேபில் இருக்கும் பரிசோதகப் பெண் பொரித்த தீனிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறவள். அப்படிப்பட்ட ரத்தத்தை வைத்து உலகத்தை அளக்க முடியாது.

உங்கள் கணவருடைய குழாயை வரிசையில் சேர்த்திருக்கிறேன். உறவுக்காக அல்ல. சோதனைத் தட்டில் ஒரு குழி காலியாக இருந்தது.

கையெழுத்தைச் சற்றுப் பெரிதாக எழுதவும். இங்கே கண்ணாடிக் கடைக்காரன் மூன்றாவது தடவையாகத் தவறான கண்ணாடியைத் தலையில் கட்டியிருக்கிறான். இந்த ஊரில் ஒருவனுக்கும் வேலை தெரியவில்லை.

தங்கள் கணவரின் தம்பி

*

மார்ச் 19

கொழுந்தனாருக்கு,

பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறேன். வாடை வந்தால் அது துரையுடையது அல்ல. நான் வெங்காயம் நறுக்கிய கையோடு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை நர்ஸம்மாவுக்கும் தீனி கொண்டுவருகிற அண்ணாச்சிக்கும் படித்துக் காட்டினேன். ஊருக்கெல்லாம் உங்கள் ரத்தம்தான் அளவுகோலா! அண்ணாச்சி கேட்டார், "அப்ப அவரு தப்பா இருந்தா யாரு சொல்றது?" நான் சொன்னேன், "எங்க கொழுந்தனார் பொறந்ததுல இருந்து தப்பா இருந்ததில்லை. நாலு வயசுல கிணத்துல விழுந்தப்பகூட, கிணறுதான் வழியில நின்னுச்சுன்னு சொன்னவரு."

உங்களுக்கு ரத்தத்தில் கொழுப்பு இருக்காது என்பதை நான் நம்புகிறேன். எல்லாம் வாயில்தான் இருக்கிறதே.

துரை நலம். உங்கள் கடிதத்தில் அவனுக்குப் பெருமை கிடையாது என்று எழுதியிருந்த வரியை அவன் கூண்டுப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். திரும்பி உட்கார்ந்துகொண்டான். இனி நீங்களும் அவனும் பேச்சுவார்த்தை இல்லை. நம் வீட்டு ஆண்பிள்ளைகள் வரிசையில் அவனும் சேர்ந்துவிட்டான்.

உங்கள் அண்ணன் நேற்று என்னைப் பார்த்து, "என்ன அக்கா, படியிலயே நிக்கறீங்க?" என்றார். நான் அவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறியிருந்தேன், உண்மைதான். கட்டின பொண்டாட்டியைத் தெரியவில்லை. இறங்கியபிறகு சொன்னேன். "வெளிச்சம் கண்ணுல அடிச்சுது" என்றார். வெளிச்சம் பின்பக்கம்தான் இருந்தது.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயமாக இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

அண்ணி

*

மார்ச் 27

அண்ணி அவர்களுக்கு,

முடிவு வந்துவிட்டது. உங்கள் கணவருடைய நொதி என்னுடையதோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அதாவது, அவருக்கு ஒரு குறையும் கிடையாது. இதற்குமேல் ஆரோக்கியமான அளவு ஒரு மனிதனுக்கு இருக்கமுடியாது.

எனவே கண் மங்கலுக்கு வேறு காரணம் தேடவும். டிப்போ மேனேஜரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்வதைத் தள்ளிவிட என்னிடம் ஆதாரமும் இல்லை. நீங்கள் வீட்டில் இருக்கும்போது உங்கள் கணவர் குடிப்பதில்லை என்று மட்டும்தான் உங்களால் சொல்லமுடியும்.

இரண்டாவது விஷயம் எனக்கு இதைவிட முக்கியமானது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மற்றவர்களின் ரத்தம் எல்லாவற்றையும் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் என்னைப்போல மூன்று மடங்கு நிறம் ஏறுகிறது. கிழவர், கர்ப்பிணி, வாயிற்காவலாளி, எல்லோருக்கும். ஒரு ஊரே மூன்று மடங்கு நொதியோடு நடமாட முடியாது. இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. உங்கள் முயலின் எதிர்ப்பொருள் நொதியை மட்டும் பிடிக்காமல் கண்டதையும் போய்க் கட்டிப்பிடிக்கிறது. உதவாத முயல். அதை நீக்கிவிட்டு வேறு முயலை வைக்கும்படி உங்கள் மேற்பார்வையாளருக்கு இன்று எழுதிவிட்டேன்.

வளர்க்கிறவர்களின் ஒழுங்கு விலங்கிடமும் வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

தங்கள் கணவரின் தம்பி

*

ஏப்ரல் 5

கொழுந்தனாருக்கு,

நீங்கள் எழுதியதை நான் நம்பினேன். படித்தவர், பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன். அதுதான் எனக்கு இப்போது ஆற்றாமையாக இருக்கிறது.

கடிதம் வந்த அன்றே அவரிடம் போய் நின்றேன்.

"உங்களுக்கு ஒரு நோயும் இல்லையாம். லேப்ல சொல்லிட்டாங்க. உங்க தம்பி லேப்லதான்."

"அவன்கிட்டயா குடுத்தே? என் ரத்தத்தையா?"

"ஆமா. குடுத்தேன். இப்ப சொல்லுங்க, டிப்போவுல எங்க குடிக்கிறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றால், நான் இருந்த பக்கமாகப் பார்த்தார். "நீயுமா?" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான்தான் அனுப்பினேன். "ஒண்ணும் இல்லாத கண்ணுக்கு லீவு எதுக்கு?" என்று சொல்லி நான்தான் அனுப்பினேன்.

டிப்போவுக்குள் பஸ்ஸைத் திருப்பும்போது மேனேஜருடைய ஸ்கூட்டரைச் சுவரோடு சேர்த்து அப்பளமாக்கிவிட்டார். ஸ்கூட்டரில் யாரும் இல்லை, புண்ணியம். "நிழல்னு நெனச்சேன்" என்றாராம். வாயை ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஒன்றும் வரவில்லை. "மெஷின் ரிப்பேரு" என்கிறார் மேனேஜர். உங்கள் ஊரில் எல்லாருடைய ரத்தமும் தப்பு, எங்கள் ஊரில் மெஷின் தப்பு. படித்த மனிதர்கள் மட்டும்தான் சரி. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பரிசோதனை முடிந்ததும் மொத்தமாக அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அந்த மௌன விரதம் உங்கள் குடும்பச் சொத்து, ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கிறீர்கள்.

துரையின் கூண்டில் மேற்பார்வையாளர் சிவப்பு அட்டை கட்டிவிட்டார். சிவப்பு அட்டை என்றால் வருகிற வெள்ளிக்கிழமை ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். உங்களுக்கு ஒரு வரி, அவனுக்கு ஒரு உயிர்.

எனக்கு ஐந்தாம் வகுப்புக்குமேல் ஏறவில்லை, அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் கவலையில்லை. ஊரே ஒரு பக்கம், நீங்களும் உங்கள் அண்ணனும் ஒரு பக்கம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு ரத்தத்தில் மட்டும் இப்படியொரு ஒற்றுமையா? நல்ல ஜோடி. இரண்டு பேரையும் ஒரே கூண்டில் போட்டுத் தீனி வைக்கவேண்டும்.

இனி எழுதமாட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 9

அண்ணி,

முயலைக் கொல்லவேண்டாம். மேற்பார்வையாளருக்கும் சொல்லிவிட்டேன். காய்ச்சலில் இருக்கிறேன். காரணம் பிறகு.

*

ஏப்ரல் 13

கொழுந்தனாருக்கு,

எழுதமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் உங்கள் கடிதத்தில் "அவர்களுக்கு" இல்லை, "தங்கள் கணவரின் தம்பி" இல்லை. குளிர்காய்ச்சலா, மூளைக்காய்ச்சலா என்று கேட்கவாவது எழுதவேண்டியிருக்கிறது.

சிவப்பு அட்டையைக் கழற்றியாயிற்று. கழற்றும்போது துரை அதையும் ஒரு கடி கடித்தான். செத்துப் பிழைத்தவன் என்கிற நன்றி கொஞ்சமும் இல்லை. மேற்பார்வையாளர் "என்னம்மா இது, ஒரு நாள் வேணாம்கிறாரு, மறுநாள் வேணும்கிறாரு, உங்க கொழுந்தனாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "மனசு மாறிட்டாரு சார்" என்றேன். "அவரா?" என்றார்.

உங்கள் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவில் போகிற பஸ்ஸை எல்லாம் சத்தத்தை வைத்தே "கிளட்ச் போச்சு", "பிரேக் தேயுது" என்று சொல்கிறார். கேட்க யாரும் இல்லை. நான் உள்ளேயிருந்து கேட்கிறேன். அது அவருக்குத் தெரியாது.

காரணம் என்ன?

அண்ணி

*

ஏப்ரல் 18

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது அந்தப் பரிசோதகப் பெண்ணிடம் சொல்லி எழுதவைக்கிறேன். கையெழுத்து வித்தியாசமாக இருப்பது அதனால்தான். நடுவில் அவள் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் கிடந்தபோது, ஒப்பிட வைத்திருந்த என் ரத்தம் லேபில் தீர்ந்துபோயிற்று. இவள் எனக்குச் சொல்லாமல் தன் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேலையை முடித்திருக்கிறாள். பொரித்த தீனி ரத்தம். அதை வைத்து எல்லாக் குழாய்களையும் மறுபடி அளந்தபோது கிழவர், கர்ப்பிணி, வாயிற்காவலாளி எல்லோரும் சரியாக வந்தார்கள். ஒரே ஒரு குழாயில் மட்டும் மூன்றில் ஒரு பங்குதான் நிறம் ஏறியது. நீல மூடி.

இவள் தப்புச் செய்துவிட்டாள் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு லேபுக்கு ஓடினேன். எல்லோர் முன்பும் திட்டினேன். அவள் ஊசியை நீட்டினாள். என் ரத்தத்தை எடுத்து அவளுடையதோடு வைத்தோம்.

மூன்றில் ஒரு பங்கு.

ஊரில் யாருக்கும் மூன்று மடங்கு இல்லை. ஊர் சரியாகத்தான் இருந்தது. முயலும் சரியாகத்தான் இருந்தது. குறைந்த ரத்தத்தை நடுவில் வைத்துக்கொண்டு நான் உலகத்தை அளந்துகொண்டிருந்தேன். இவ்வளவு மட்டமான வேலையை ஒரு மாணவன் செய்திருந்தால் அவனை வாசலோடு அனுப்பியிருப்பேன்.

கண் டாக்டரிடம் போனேன். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா இப்படி?" என்றார். "கண்ணாடிக்காரன்தான்..." என்று ஆரம்பித்தேன். "கண்ணாடியில ஒண்ணும் இல்லை சார்" என்றார். மூட்டை கட்டப்படாத கொழுப்பு கருவிழியில் தூசிபோலப் படிந்திருக்கிறதாம். இந்தக் குறை அப்பா பக்கம் ஒரு பாதி, அம்மா பக்கம் ஒரு பாதி, இரண்டும் சேர்ந்து எங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது. அண்ணனுக்கு முற்றிவிட்டது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. கருவிழியை மாற்றி வைத்தால் பார்வை திரும்பும் என்கிறார். சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும்.

டிப்போவுக்கு என் கையெழுத்திலும் கண் டாக்டர் கையெழுத்திலும் தாள் இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். இது நோய், குடி அல்ல என்று இருக்கிறது. போன மாதக் கடைசியில் நான் எழுதியதை மேனேஜரிடம் யாராவது காட்டியிருந்தால் அதைக் கிழித்துப் போடவும். முடிந்தால் துரைக்கு முன்னால்.

இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, மதிய ரயிலில் வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அண்ணனை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியுமா? டிரைவராக அல்ல. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே உங்கள் பாணியில் சொல்லிவிடுங்கள்.

தம்பி

(நான் சிரிக்கவில்லை அண்ணி. ஒரு தடவைதான். — எழுதிக்கொடுத்த பெண்.)

*

ஏப்ரல் 27

அண்ணி,

வந்தேன். நடைமேடையில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றேன். யாரும் வரவில்லை. கூட்டம் கலைந்து, பெருக்குகிறவர்கள் என் காலைச் சுற்றிப் பெருக்கினார்கள். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

புரிந்துகொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்கமாட்டேன். தாளைப் போன பெட்டியிலேயே அனுப்பிவிட்டது நல்லதாகப் போயிற்று. கண் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் இருவருமே போய்வாருங்கள்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வந்தவனை நிற்கவைத்து அனுப்பும் தைரியம் எங்கள் குடும்பத்தில்தான் இருக்கும்.

தம்பி

*

ஏப்ரல் 30

கொழுந்தனாருக்கு,

உங்களைப்போல அவசரப்பட்டு முடிவு கட்டுகிற மனுஷனை நான் மூன்றாவதாகப் பார்த்ததில்லை. முதலாவது என் வீட்டிலேயே இருக்கிறார். சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன், புண் ஆறிவிட்டது.

முதலில் டிப்போ. உங்கள் தாளை மேனேஜர் திரும்பத் திரும்பப் படித்தார். படித்து முடித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் அவர்தான் குடித்திருக்கிறார் என்று தோன்றியிருக்கும். சாரி என்று ஒரு வார்த்தை வரவில்லை. "கவுன்டர்ல உக்காருங்க" என்று மட்டும் வந்தது. ஸ்கூட்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஆக, உங்கள் அண்ணன் குடிகாரர் இல்லை என்று இப்போது எழுத்துமூலம் இருக்கிறது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "நீ கேக்க வேணாம், அந்த முயல் கடிச்சதே போதும்" என்றார்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்றில் ஒரு பங்கு என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் படிக்கச் சொன்னார். "அவனுக்கும் தெரியலையா?" என்றார். அந்தக் கார்ச் சாவி விஷயம் அதிகப்படி என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவேயில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காக்கி இல்லை, வெள்ளை. "நானும் வர்றேன்" என்றேன். "வேணாம். நான் அவன்கிட்ட தனியா பேசணும்" என்றார். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

மதியம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உங்கள் அண்ணன் இறங்கினார். முகமெல்லாம் அழுத முகம். பின்னாலேயே கண்ணாடி போட்ட ஒருவர் பையோடு இறங்கினார். உங்கள் உயரம்தான். அண்ணன் அவர் தோளில் கை போட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நீங்கள் என்றைக்கு என்னைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறீர்கள்? எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் உங்கள் அண்ணன், "பாத்தியா, எவ்வளவு மாறிட்டான்! வழியெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை" என்றார்.

உள்ளே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாக விசாரித்தேன். அவர் தராசு ரிப்பேர் பண்ணுகிறவர். கடைவீதியில் ஒரு தராசு சரியில்லை என்று பார்க்க வந்திருக்கிறார். ரயிலைவிட்டு இறங்கியதும் உங்கள் அண்ணன் போய்க் கட்டிப்பிடித்து "என்னை மன்னிச்சுடுடா" என்று அழுதிருக்கிறார். "அழுதுட்டு இருக்கறவரை நடுவுல நிறுத்தறது நல்லா இருக்காதுங்க, அதான் கூடவே வந்துட்டேன்" என்றார் அவர்.

நான் உண்மையைச் சொன்னதும் உங்கள் அண்ணன் என்மேல் பாய்ந்தார். "அங்க வேற யாருமே இல்லைடி! தண்ணிக் குழா பக்கம் ஒருத்தன் நின்னான். திமிர் பிடிச்சவன் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னான். நீதானே தம்பி திருந்திட்டான்னு படிச்சுக் காட்டினே, அவனா இருக்காதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

அதனால் வருகிற சனிக்கிழமை மறுபடியும் வாருங்கள். அதே குழாயடியில், அதே மூஞ்சியோடு நில்லுங்கள். இந்தத் தடவை நானும் வருவேன். மன்னிப்பு விஷயத்தில்தான் ஒரு சிக்கல். எல்லாவற்றையும் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, இன்னொரு தடவை அழ வராது என்கிறார் உங்கள் அண்ணன்.

உங்களுக்காக ஆக்கிய சாப்பாட்டை அந்தத் தராசுக்காரர் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, உங்கள் அண்ணனை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு தராசைப் பார்க்கப் போனார்.

அண்ணி